‘தங்கை’ என்னும் அடிமைப் பெயர்

ஏழை வீட்டுப் பெண்குழந்தையை விலைக்கு வாங்கிக் கூலியின்றி வேலை வாங்கும் வழக்கம் சீனரிடையே நெடுங்காலம் இருந்துவந்தது. அக்குழந்தைக்கு இட்ட பெயர் ‘மூய் சாய்’. கான்டனிய மொழியில் ‘சிறு தங்கை’ என்று பொருள். விலை கொடுத்து வாங்கியவளைத் தங்கை என்றழைத்த சாமர்த்தியத்தை என்னென்பது! ஏழைக்குச் சோறிடும் தருமம் இது என்று ஹாங்காங்கின் சீனச் செல்வர்கள் வாதாடினர். கொடுமைக்குத் தருமம் என்று பெயர் சூட்டுவது ஒரு சமூகத்தின் தனியுரிமையன்று என்பதை நம் வாசகர்கள் நன்கறிவர்.

இவ்விஷயத்தில் இரு நூல்களை ஒருங்கே வைத்து ஆராய்தல் நலம். ஒன்று, ஹாங்காங்கிலும் மலாயாவிலும் விசாரணை நடத்திய பிரிட்டிஷ் கமிஷன் 1937-இல் வெளியிட்ட அறிக்கை. மற்றொன்று, ஜேனட் லிம் என்னும் மாது தம் வரலாற்றைத் தாமே ஆங்கிலத்தில் எழுதி 1958-இல் வெளியிட்ட நூல். ‘வெள்ளிக்கு விற்கப்பட்டவள்’ என்று அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். இந்நாட்டுத் தமிழில் வெள்ளி என்பது காசையும் குறிப்பதால், அத்தலைப்பு நம் செவியில் இருமடங்கு உறைக்கிறது.

சிங்கப்பூரில் சீனர் பாதுகாப்பு இலாகா 1877-இல் பிக்கரிங் துரையின் தலைமையில் ஏற்பட்டது. வந்திறங்கும் சீனப் பெண்களையும் சிறுமிகளையும் விசாரிப்பது அதன் அலுவல்களுள் ஒன்று. மீட்கப்பட்டோர் தங்க 1888-இல் போ லியுங் குக் இல்லமும் எழுந்தது. ஆயினும், ‘இவள் என் மகள்’ என்று அழைத்துவந்தவர் கூற, அப்படியே சொல்லப் பழக்கப்பட்ட குழந்தையும் தலையசைத்தால் அதிகாரி என் செய்வார்? 1933 முதல் அமலான சட்டம் புதிதாக மூய் சாய் வைப்பதைத் தடுத்து, முன்னரே இருந்தோரைப் பதிவு செய்யப் பணித்தது. மூய் சாயை வளர்ப்பு மகள் என்று சொல்லிவிட்டாலோ, சட்டம் வாசலிலேயே நின்றுவிடும்.

கமிஷனின் மூவருள் உட்ஸ், வில்லிஸ் என்னும் இரு கனவான்களும் பதிவை மற்றச் சிறுமிகளுக்கும் விரிப்பதை ஏற்கவில்லை. எடித் பிக்டன்-டர்பர்வில் அம்மையார் மட்டும் மாறுபட்டுத் தனியறிக்கை எழுதினார். எப்பெயரால் கைமாறினாலும், பெற்றோரைப் பிரிந்த சிறுமியர் அனைவருக்கும் காப்பு வேண்டும் என்பது அவர் கொள்கை. இருவர் பெயரைப் பார்த்தனர். அம்மையார் குழந்தையைப் பார்த்தார். அவ்வறிக்கையின் உயிர் இத்தனியறிக்கையே என்பது நம் துணிபு.

ஜேனட் லிம்மின் நூல் இதற்குச் சான்று பகர்கிறது. ஹாங்காங்கில் பிறந்து, சிறுமியாகச் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டு விற்கப்பட்ட அவர், எஜமானனுக்கு அஞ்சி இரவில் ஒளிந்து திரிந்த நாட்களை அலங்காரமின்றிச் சொல்கிறார். பின்னர் பாதுகாப்பு இலாகாவால் மீட்கப்பட்டு, கிறிஸ்தவ மிஷன் பள்ளியில் பயின்று, மருத்துவத் தாதியானார். நூலின் பிற்பகுதி யுத்தகால இன்னல்களைக் கூறுவது. அடிமைப் பருவம் இன்னும் விரிந்திருக்கலாகாதா என்று ஏங்குகிறோம். எனினும், இரக்கத்தை யாசியாத எழுத்து அது. அறிக்கைகளில் வாய்பேசாது நின்ற சிறுமி அதில் பேசுகிறாள்.

இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். மூய் சாய் என்று அறியப்பட்டவளிடம் சட்டத்தின் கை எட்டியது. அவள் எழுதினாள், நாம் வாசிக்கிறோம். மகள் என்ற பெயருக்குள் அடைபட்டுக் கிடந்தவர்களின் நூல் எங்கே? தோட்டத்தில் செக்ரோல் எழுதும் நமக்கு இது விளங்காததன்று. ஏட்டில் பெயர் ஏறாதவனுக்குச் சம்பள நாளன்று வாசலில் நிற்கவும் வழியில்லை.

இது சீனர் கதை என்று ஒதுக்காதீர்கள். சொந்தக்காரப் பெண் என்று சொல்லிப் பள்ளிக்கு அனுப்பாமல் அடுப்படியில் நிறுத்தப்பட்ட சிறுமி நம் வீடுகளில் இல்லையா? ஆங்கிலம் அறிந்தோர் இந்நூலை வாசித்து, அறியாத தாய்மார்க்குத் தமிழில் எடுத்துரைப்பார்களாக.