டோப்சிக்: மருந்தோடு முடிந்துவிடும் கதை

'டோப்சிக்' தொடரை (2021, எட்டுப் பாகம்) இரண்டாவது தடவையாகப் பார்த்து முடித்தேன். ஆக்ஸிகான்டின் வலி மாத்திரையை பர்டியூ கம்பெனி எப்படி விற்றது என்ற பகுதி பிரமாதம். மைக்கேல் கீட்டன் நடிப்பைப் பற்றி நான் புதுசா சொல்ல ஒன்றுமில்லை, எம்மியே கொடுத்துவிட்டார்கள். என் பிரச்சினை முடிவோடுதான்.

டாக்டர் ஃபின்னிக்ஸ் அந்த மாத்திரைக்குத் தானே அடிமையாகி, சபாக்ஸோன் எடுத்து மீள்கிறார். அப்புறம் ஊர்க்காரர்களையும் வண்டியில் ஏற்றி அந்த மருந்துக்காகக் கூட்டிப் போகிறார். சரி, அதை எப்போ நிறுத்துவாங்க? பார்க்கிற யாருக்கும் வரும் கேள்வி. தொடர் அங்கே அதிகம் நிற்கவில்லை.

சபாக்ஸோனில் இருப்பது ப்யூப்ரனார்ஃபின், கூடவே நலாக்ஸோன். ப்யூப்ரனார்ஃபினும் ஓபியாய்டு வகைதான். மூளையில் ஹெராயின் போய் ஒட்டும் அதே இடத்தில்தான் இதுவும் ஒட்டுகிறது, ஆனால் அரைகுறையாகத்தான் தூண்டும். ஓர் அளவுக்கு மேல் டோஸ் ஏற்றினாலும் போதை ஏறாது, மூச்சு அடங்கும் ஆபத்தும் குறைவு. (மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் அது வேறு கதை.) தினமும் எடுத்தால் உடம்பு பழகிவிடும். சட்டென்று விட்டால் வியர்வை, உடம்பு வலி, வயிற்றுப்போக்கு, தூக்கமே வராது. இதை மறைத்து என்ன லாபம்?

"ஒரு போதையை விட்டு இன்னொரு போதை" என்று சொல்பவர்கள் இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் உடம்பு பழகுவதும் அடிமையாவதும் ஒன்றில்லை. வேலை, வீடு எல்லாம் போனாலும் அதையே தேடி ஓடுவது அடிமைத்தனம். காலையில் நாக்குக்கடியில் ஒரு ஃபிலிமை வைத்துவிட்டு வேலைக்குப் போவதை அதில் எப்படிச் சேர்ப்பது?

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 2003-ல் லான்செட்டில் வந்த ஸ்வீடன் ஆய்வில் ஹெராயின் பழக்கமுள்ள 40 பேர். 20 பேருக்கு ஒரு வருஷம் தினசரி ப்யூப்ரனார்ஃபின். மீதி 20 பேருக்கு ஆறே நாளில் குறைத்து நிறுத்திவிட்டு வெறும் டம்மி மாத்திரை. ஆலோசனை இரண்டு குழுவுக்கும் உண்டு. வருஷக் கடைசியில் முதல் குழுவில் முக்கால்வாசிப் பேர் சிகிச்சையில் இருந்தார்கள். இரண்டாவதில் ஒருவர்கூட இல்லை. நாலு பேர் செத்துப்போயிருந்தார்கள். "சீக்கிரம் விட்டுடு" என்று அன்பாகச் சொல்லும் சொந்தக்காரர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

இதனால் கம்பெனியை நம்பச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சபாக்ஸோன் ஃபிலிம் மற்ற வடிவங்களைவிடப் பாதுகாப்பானது என்று பொய்யாக விளம்பரம் செய்த புகாரில், அதை விற்ற கம்பெனியின் முன்னாள் தாய்க் கம்பெனி ரெக்கிட் பென்கைசர், 2019-ல் அமெரிக்காவில் 140 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. மருந்து நல்ல மருந்துதான், விற்ற விதம் பர்டியூ பாணி. இந்த முரண் கதைக்குள் வந்திருந்தால் தொடர் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கும். ஐந்து வருஷம் கழித்தும் ஃபின்னிக்ஸ் அதே ஃபிலிமை வாங்க மருந்துக்கடை வரிசையில் நிற்கும் காட்சி ஒன்று போதும். பின்னணி இசைகூட வேண்டாம்.