ஆசாரம் விட்டுக்கொடுத்த ஒன்பதின்மர்

பள்ளி விடுமுறை தொடங்கியதும் கேமரன் மலைச் சாலை வண்டிகளால் நிரம்பிவிடுகிறது. தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறிவரும் குடும்பங்கள் ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் ஆகிய ஊர்களில் தங்குகின்றன. பகலில் தேயிலைத் தோட்டங்களைக் காண்கின்றன, ஸ்ட்ராபெரி பறிக்கின்றன. மாலையில், வசதியுள்ளோர் ஏதேனும் ஓர் உயர்தர விடுதியின் உணவுக் கூடத்தில் அமர்கின்றனர்.

அங்கேதான் ஒரு வழக்குத் தொடங்குகிறது. அரைக்காற் சட்டையும் சிலிப்பரும் அணிந்தோர் இரவுணவுக் கூடத்துள் வருதல் ஆகாது என்பது இத்தகைய விடுதிகள் பலவற்றின் விதி. குழந்தை வீறிட்டு அழுதால் அடுத்த மேசையில் இருப்போர் திரும்பிப் பார்க்கின்றனர். சிறுவன் நாற்காலிகளுக்கிடையே ஓடினால் பணியாளர் முகம் சுருங்குகிறது. பெற்றோர் சிலர் நாணுகின்றனர், சிலர் சினங்கொள்கின்றனர். "இவையெல்லாம் வெள்ளைக்காரன் விட்டுச்சென்ற வழக்கம், தமிழர்க்கு என்ன வந்தது?" என்பது ஒரு சாரார் கூற்று. "நம் மக்களுக்கு மேசை ஒழுக்கம் தெரியாது, இனியேனும் கற்கட்டும்" என்பது மறுசாரார் கூற்று. இவ்விரு கூற்றும் பொருந்துமா என்பதைப் பழைய தமிழ் நூல் ஒன்றின் துணைகொண்டு ஆராய்தல் தகும். அந்நூல் ஆசாரக்கோவை.

மலையின் மேசை

நூலுக்குள் புகுமுன் இம்மேசையின் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும். 1885-இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப் பகுதியை ஆராய்ந்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. 1929-இல் ஜே. ஏ. ரஸல் இங்குப் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். சமவெளியின் வெப்பம் தாங்காத ஆங்கில அதிகாரிகளும் துரைமாரும் குளிர்தேடி மலையேறினர். அவர்கள் தம் ஊரின் வீட்டையும் பூந்தோட்டத்தையும் கணப்படுப்பையும் இங்கே படைத்துக்கொண்டது போலவே, தம் ஊரின் உணவு முறையையும் உடை முறையையும் கொண்டுவந்தனர். இரவுணவுக்கெனத் தனியுடை பூணுவது அவர்தம் குலவழக்கம்.

காடு திருத்தித் தேயிலை நட்டு வளர்த்தவருள் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர். அவர்கள் கொய்த கொழுந்து தேநீராகி அம்மேசைக்குச் சென்றது; கொய்த கைகள் விருந்தினர் கைகளாக அம்மேசைக்குச் சென்றதில்லை. ஆகவே, மலையில் உடைவிதி என்பது வெறும் தூய்மை பற்றிய விதியாக மட்டும் இருந்ததில்லை. உள்ளே இருப்பவர் யார், வெளியே நிற்பவர் யார் என்பதைச் சொல்லாமற் சொல்லும் எல்லைக்கோடாகவும் அது இருந்தது. இன்று துரைமார் இல்லை. பணம் கொடுப்போர் எவரும் அமரலாம். எனினும் கோடு முற்றும் அழிந்துவிட்டதாகச் சொல்ல இயலாது. லயத்துப் பிள்ளை ஒருவன் அக்கண்ணாடிக் கதவின்முன் நிற்கும்போது, முதலில் தன் காலணியைக் குனிந்து பார்க்கிறான். அந்தப் பார்வைதான் இக்கட்டுரைக்குப் பொருள்.

ஆசாரக்கோவை கூறும் உணவொழுக்கம்

பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றாகிய ஆசாரக்கோவை பெருவாயின் முள்ளியார் இயற்றியது. பாயிரம் நீங்கலாக நூறு வெண்பாக்களைக் கொண்டது. வைகறையில் துயிலெழுவது முதல் இரவில் உறங்குவது வரை மாந்தர் கைக்கொள்ள வேண்டிய ஒழுக்கங்களை இது தொகுத்துரைக்கிறது. இலக்கிய நயம் குறைந்த நூல் என்று பலரும் இதனை ஒதுக்குவர். நயம் குறைவு என்பது உண்மையே. ஆயின், அக்காலத்து வீட்டையும் பந்தியையும் இவ்வளவு அணுக்கமாகக் காட்டும் நூல் கீழ்க்கணக்கில் வேறில்லை.

உண்ணும் முறைபற்றி இந்நூல் கூறுவன இவை. நீராடி, கால் கழுவி, வாய் கொப்புளித்த பின்னரே உண்ண வேண்டும். கிழக்கு நோக்கி ஆடாமல் அசையாமல் அமர வேண்டும். உண்ணும்போது பராக்குப் பார்த்தலும் பேசுதலும் ஆகா. உணவைத் தொழுது, சிந்தாமல் உண்ண வேண்டும். படுத்துக்கொண்டும் நின்றுகொண்டும் வெட்டவெளியிலும் உண்ணலாகாது. மூத்தோர் உடனிருந்தால் அவர்க்கு முன் உண்ணத் தொடங்குதலும், அவர்க்கு முன் எழுதலும் தகா. இனிப்பை முதலிலும் கசப்பை இறுதியிலும் ஏனையவற்றை இடையிலும் உண்ண வேண்டும்.

இவற்றைப் படித்தபின், மேசை ஒழுக்கம் வெள்ளையர் கொண்டுவந்தது என்று எவர் கூற முடியும்? மூத்தோர் தொடங்கும்வரை காத்திருத்தலும், சிந்தாமல் உண்ணுதலும், பந்தி முடியுமுன் எழாமையும் தமிழ்நூலில் முன்னரே விதிக்கப்பட்டவை. எனவே முதற் சாரார் கூற்று வீழ்கிறது. தமிழர்க்கு உணவொழுக்கம் இல்லை என்னும் மறுசாரார் கூற்றும் அதனோடு வீழ்கிறது.

உடைபற்றியும் இந்நூலில் விதி உண்டு. ஒற்றை ஆடையோடு உண்ணலாகாது. ஒற்றை ஆடையோடு அவைக்குள் புகலும் ஆகாது என்கிறது. அரையில் ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு வேண்டும் என்பது கருத்து. இதுவும் ஓர் உடைவிதியே. ஆனால் இவ்விதியின் அளவை உணர வேண்டுமாயின், புறநானூற்றின் 189-ஆம் பாட்டை உடன்வைத்துப் பார்த்தல் வேண்டும். நக்கீரனார் பாடிய அப்பாட்டு, உலகமுழுதாளும் வேந்தனுக்கும் இரவும் பகலும் விலங்கின்பின் ஓடும் கல்லாத வேடனுக்கும் உணவின் அளவும் உடையின் எண்ணிக்கையும் ஒன்றே என்கிறது. அங்கும் உடைகள் இரண்டே. ஆகவே, முள்ளியார் வேண்டும் இரண்டு ஆடை என்பது, நக்கீரனார் கண்ணில், வேடனிடமும் உள்ள பொருள். அந்த அளவில் நிற்கும் விதி அடக்கத்தை அளக்கிறது, பணப்பையை அளப்பதில்லை. ஏழையும் எட்டக்கூடிய உடைவிதிக்கும், விலைகொடுத்து வாங்கினாலன்றி எட்டமுடியாத உடைவிதிக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

சேப்பாக்கத்துக் கதவு

இவ்வேறுபாடு மறக்கப்படும்போது என்ன நிகழும் என்பதற்குத் தமிழகத்திலேயே சான்று உண்டு. 2014 சூலையில், சென்னைச் சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் ஒரு நூல் வெளியீட்டு விழா நடந்தது. அதற்கு அழைப்பின்பேரில் சென்ற உயர்நீதிமன்ற நீதிபதி து. அரிபரந்தாமன், வேட்டி அணிந்திருந்த காரணத்தால் வாயிலில் தடுக்கப்பட்டார். வேட்டியும் சட்டையும் சேர்ந்தால் ஆடை இரண்டாயிற்று. முள்ளியாரின் அவை அவரை ஏற்றிருக்கும். தமிழகத் தலைநகரின் கிளப் ஏற்கவில்லை. எதிர்ப்பு எழுந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் தமிழகச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. வேட்டியோ பிற இந்திய மரபுடையோ அணிந்தவரை அதன் பொருட்டுத் தடுத்தல் குற்றமாயிற்று. ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய்த் தண்டமும் விதிக்க அச்சட்டம் இடந்தந்தது.

சட்டம் நல்லதே. எனினும் அதன் எல்லை குறுகியது. மரபுடை என்னும் சிறப்பால் வேட்டிக்குக் கதவு திறந்தது. துவைத்து மடித்த பழைய காற்சட்டையும் தேய்ந்த சிலிப்பரும் உடையவனுக்கு அச்சட்டத்தில் இடமில்லை; அவன் உடை எந்த மரபையும் சேர்ந்ததன்று, ஏழ்மையை மட்டுமே சேர்ந்தது. அவனை நினைத்துப் பார்த்தவர் யார்? இவ்வினாவுக்கு விடை ஆசாரக்கோவையின் கடைசிப் பாட்டில் இருக்கிறது.

நூறாம் பாட்டு

தொண்ணூற்றொன்பது பாட்டுகளில் ஒழுக்கங்களை அடுக்கிய முள்ளியார், நூறாம் பாட்டில் அவ்வொழுக்கங்களிலிருந்து விடுபட்டவர் ஒன்பதின்மரைக் கூறி நூலை முடிக்கிறார். இவ்வழக்கம் அறியாத வேற்று நாட்டான், வறியவன், முதியவன், இளையவன், உயிர் நீத்தவன், அச்சமுற்றவன், உண்டுகொண்டிருப்பவன், அரசர் பணி மேற்கொண்டவன், மணமகன் என்போரே அவர். வறியவனை அங்கே ஆதுலன் என்னும் சொல் குறிக்கிறது. நோயாளி எனவும் அதற்குப் பொருள் உண்டு. எப்பொருள் கொள்ளினும் இயலாதவன் என்பதே கருத்து.

இப்பாட்டினை ஒரு பின்னிணைப்பாகக் கருதுவது தவறு. நூலின் முதற்பாட்டு ஒழுக்கத்தின் வித்துகள் எட்டு என்கிறது: செய்ந்நன்றி மறவாமை, பொறுமை, இனிய பேச்சு, எவ்வுயிர்க்கும் தீங்கு செய்யாமை, கல்வி, ஒப்புரவு, அறிவு, நல்லோர் நட்பு. இவற்றுள் உடையும் இல்லை; இருக்கையும் இல்லை. முதற்பாட்டு ஒழுக்கத்தின் வேரைக் காட்டுகிறது. இறுதிப்பாட்டு அதன் எல்லையைக் காட்டுகிறது. இடையிலுள்ளவை அனைத்தும் இவ்விரண்டுக்கும் உட்பட்டவை. இதுவே நூலின் அமைப்பு. இடைப்பாட்டுகளை மட்டும் படித்தோர் இதனை ஆசாரம் பிடித்த நூல் என்று இகழ்ந்தனர். கடைசிவரை படித்தோர் அவ்வாறு இகழமாட்டார்.

ஒன்பதின்மருள் மூவரை நோக்குக. வேற்று நாட்டான், வறியவன், இளையவன். விடுதிக் கதவின்முன் தயங்கி நிற்போரும் இம்மூவரே அல்லரோ? ஒரு காலத்தில் தமிழ்த் தொழிலாளியே இம்மலையில் வேற்று நாட்டான். இன்று கொழுந்து கொய்வோருள் வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாரும் இந்தோனேசியரும் பலர். இப்போது அவர்கள் வேற்று நாட்டார். தன் பாட்டன் பட்ட இகழ்ச்சியை மறந்து, அவர்கள் உண்ணும் முறையைக் கண்டு நகைக்கும் தமிழ்ப்பிள்ளை நூறாம் பாட்டைப் படிக்காத பிள்ளை.

இளையவனும் அவனுடன் வந்தோரும்

இளையவனுக்கு விலக்கு உண்டு என்றால், அவன் விடுதியில் ஓடியாடிக் கூச்சலிடலாம் என்பது பொருளா என்று ஒருவர் வினவலாம். புறநானூற்றின் 188-ஆம் பாட்டை அவர் துணைக்கு அழைக்கவும் கூடும். பலரோடு இருந்து உண்ணும் பெருஞ்செல்வர் வீட்டுப் பந்தியே அங்கும் களம். குறுகுறு நடந்துவரும் குழந்தை சிறு கையை நீட்டி, நெய்ச்சோற்றைத் தொட்டுத் துழாவி உடலெங்கும் பூசிக்கொள்கிறது. அக்காட்சி வாய்க்காதவர் வாழ்நாளுக்குப் பயனில்லை என்று பாடுகிறான் பாண்டியன் அறிவுடைநம்பி. திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரமும் குழந்தையின் கை அளாவிய கூழை அமிழ்தினும் இனிதென்றே போற்றுகிறது.

ஆயினும் ஒன்று கருதத்தக்கது. பாண்டியன் மகிழ்ந்தது தன் வீட்டுப் பந்தியில். வள்ளுவர் சொன்ன கூழ் தந்தையின் கலத்தில் உள்ளது. விடுதியில் சிந்திய சோற்றைத் துடைப்பவர் தந்தையல்லர். மாலைவரை நின்று கால் கடுத்த ஒரு பணியாளர். அவரும் ஒரு தாயின் பிள்ளை. தோட்டத்துப் பிள்ளையாகவும் இருக்கலாம். எனவே, நூறாம் பாட்டு இளையவனைப் பழியிலிருந்து விடுவிக்கிறதே தவிர, அவனுடன் வந்த பெரியோரைக் கடமையிலிருந்து விடுவிக்கவில்லை. ஒன்பதின்மர் பட்டியலில் தந்தையும் தாயும் இல்லை. அழும் குழந்தையைத் தூக்கி வெளியே உலவச் செய்தல், ஓடுபவனை அருகே அமர்த்தல், மேசையைத் துடைத்தவருக்கு நன்றி கூறல் ஆகியன பெரியோர் கடன். விருந்தினரோடும் முதியோரோடும் பிள்ளைகளுக்கும் முன்னர் ஊட்டிய பின்னரே தாம் உண்ண வேண்டும் என இந்நூலே விதித்திருத்தலும் நினைக்கத்தக்கது. பசித்த குழந்தையைக் காக்கவைத்துவிட்டு அதன் அழுகையைக் குறைகூறுதல் ஒழுக்கம் ஆகாது.

நூலின் குறை

ஆசாரக்கோவை முழுவதும் இன்று ஏற்கத்தக்கது என்பதன்று. எச்சிலோடு இருப்போர் காணலாகாதவற்றுள் புலையரையும் சேர்த்துரைக்கும் பாட்டு அதில் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. வகுப்பில் அதனை ஒழுக்கமெனக் கற்பித்தல் அறமும் அன்று. மனிதனைக் காண்பது தீட்டு என்னும் விதியும், சிலிப்பரோடு வந்தவனைக் காணச் சகியாத விதியும் ஒரே வித்தில் முளைத்தவை. எவ்வுயிர்க்கும் தீங்கு செய்யாமையை வித்தாக வைத்த முதற்பாட்டைக் கொண்டே அப்பாட்டைத் தள்ளிவிடலாம். நூலைத் திருத்தும் கருவி நூலிலேயே இருக்கிறது.

ஆசிரியர் செய்யத்தக்கது

தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி மாணவர் கல்விச் சுற்றுலாவுக்குச் செல்கின்றனர். பரிசளிப்பு விருந்துகளுக்கு அழைக்கப்படுகின்றனர். நாளை வேலைக்கான நேர்காணலுக்கும் செல்வர். பந்தியில் காத்திருக்கவும், சிந்தாமல் உண்ணவும், மெல்லப் பேசவும், உடையைத் தூய்மையாக அணியவும் அவர்க்குக் கற்பித்தல் வேண்டும். முட்கரண்டி பிடிக்கும் முறையைக் காட்டுவதாலும் குற்றமில்லை. அஃது ஒரு மணிநேரப் பயிற்சி. ஆனால் கற்பிக்கும் காரணம் தெளிவாக இருத்தல் வேண்டும். "இப்படி இல்லாவிட்டால் உன்னைக் கேவலமாக நினைப்பார்கள்" என்று கற்பித்தால், மாணவன் நாணத்தைக் கற்பான். பின்னர்த் தன் தாயின் கொழுந்துக் கூடையையும் கறைபட்ட சேலையையும் கண்டு நாணுவான். "உன்னோடு உண்பவருக்கும் உனக்குப் பரிமாறுபவருக்கும் துன்பம் வரக்கூடாது" என்று கற்பித்தால், ஒழுக்கத்தைக் கற்பான். செயல் ஒன்றே, விளையும் பிள்ளை வேறு.

கதவின்முன் நின்று காலணியைக் குனிந்து பார்க்கும் அச்சிறுவனுக்கு முள்ளியார் உரிய விடையை நூறாம் பாட்டில் எழுதிவைத்துள்ளார். அவன் இளையவன், வறியவனும் ஆகலாம். இருவகையானும் அவன்மேல் பழியில்லை. அதனை அவனுக்கு எடுத்துச் சொல்வது தமிழாசிரியர் கடமை.