பித்தளை நுண்ணோக்கிக்கு ஆரோக்கியவரம் வைக்கும் சோதனை

பழைய பித்தளை நுண்ணோக்கியை மதிப்பிட வருகிறவர்கள் பெட்டியைத் திறந்ததும் துணைக்கருவிகளை எண்ணத் தொடங்குகிறார்கள். பூச்சியைப் பிடித்து நிறுத்தும் இடுக்கி, தவளைக் காலை விரித்துக் கட்டும் தட்டு, நீரில் நீந்தும் நுண்ணுயிரை நசுக்காமல் அடைத்துவைக்கும் சிமிழ், மேலிருந்து வெளிச்சம் பாய்ச்சும் குமிழ் லென்ஸ், கண்டதை வரைய உதவும் முப்பட்டகம் என்று உருப்படிகள் கூடக்கூட விலையும் கூடுகிறது. இந்த அளவுகோல் தவறு. சரியான அளவுகோலைத் தேடி லண்டன் போக வேண்டாம்; பழைய சித்தூர் மாவட்டத்திலேயே இருக்கிறது.

மதனப்பள்ளியை ஒட்டிய ஆரோக்கியவரத்தில் 1915-ல் ஒரு காசநோய் மருத்துவமனை தொடங்கப்பட்டது. பல மிஷன் சபைகள் சேர்ந்து நடத்திய அதற்குத் தலைமை ஏற்றவர் டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர் கிறிஸ்டியன் ஃப்ரிமொட்-மொல்லர். காசத்தைக் கொல்லும் மருந்துகள் வருவதற்குப் பல ஆண்டுகள் முந்தைய காலம் அது. நோயாளியின் சளியில் கிருமி இருக்கிறதா இல்லையா என்ற ஒரு விடையை வைத்தே அவர் எங்கே படுக்க வேண்டும், எப்போது வீடு திரும்பலாம் என்பதெல்லாம் முடிவாகும். அந்த விடையைத் தரமுடியாத நுண்ணோக்கி எவ்வளவு பளபளத்தாலும் அங்கே உதவாது.

ராபர்ட் கோக் 1882 மார்ச் 24-ல் பெர்லினில் அறிவித்த அந்தக் கிருமி, ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் இரண்டு முதல் நான்கு பங்கு நீளம்தான். பருமனோ அரைப் பங்குக்கும் குறைவு. அதைப் பார்க்க வைத்தவை இரண்டு. ஒன்று, 1878-ல் ஜெர்மானிய ஒளியியலாளர் அபேயும் கருவித் தயாரிப்பாளர் ஸைஸும் கொண்டுவந்த எண்ணெய் லென்ஸ். ஸ்லைடுக்கும் லென்ஸுக்கும் இடையில் காற்று இருந்தால் சாய்வாக வரும் ஒளி விலகிப்போகும். கண்ணாடிக்கு நிகராக ஒளியை வளைக்கும் செடார் எண்ணெய்த் துளி அந்த இழப்பைத் தடுத்தது. மற்றொன்று, ஸ்லைடு வைக்கும் மேடைக்கு அடியில் மறைந்திருக்கும் அபேயின் ஒளிகுவிப்பான். அகன்ற கூம்பாக ஒளியை மேலே அனுப்பினால் நிறமற்றவற்றின் விளிம்புகள் கரைந்து, சாயமேறிய கிருமி மட்டும் நிற்கும். நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகள் தெரிவது இப்படித்தான். பழம்பொருள் வாங்குகிறவர் குனிந்துகூடப் பார்க்காத அந்த அடிப்பகுதியில்தான் கருவியின் உயிர் இருக்கிறது.

ஆரோக்கியவரம் இன்னொரு சோதனையும் வைக்கிறது. இருமல், மூச்சிரைப்பு, எக்ஸ்ரேயில் காசம் போலவே தெரியும் புள்ளிகள். ஆனால் சளியில் கிருமி இல்லை. இப்படி வந்தவர்களின் ரத்தத்தில் இயோசினோபில் அணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகியிருந்ததை ஃப்ரிமொட்-மொல்லரும் பார்ட்டனும் 1940-ல் எழுதினார்கள். 1943-ல் வைங்கார்ட்டன் இதற்கு வெப்பமண்டல இயோசினோபிலியா என்று பெயர் சூட்டினார். யானைக்கால் நோய்ப் புழுவோடு இதற்குள்ள உறவு பின்னர் தெளிவானது. ஒரு மாவட்டத்து ஆய்வுக்கூடம் உலக மருத்துவத்துக்குத் தந்த கொடை இது. இங்கே தேவைப்பட்டது பொறுமையான எண்ணிக்கை. ரத்தப் பூச்சின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை, பார்த்த இடத்தையே மறுபடி பார்க்காமல் ஸ்லைடை நகர்த்த வேண்டும். விரலால் தள்ளினால் கணக்கு தப்பும். இரு திருகுகளால் நகரும் மேடை வேண்டும்.

இந்த இரண்டு சோதனைகளுக்கு முன் வடிவமைப்புகளை நிறுத்திப் பார்க்கலாம். ஜான் கஃப் 1744-ல் விற்ற பித்தளைக் கருவி, முந்தைய முக்காலிகளில் கை நுழையாத மேடைப் பகுதியைத் திறந்துவிட்டது. துல்லியமாகக் குவிக்கத் தனித் திருகும் தந்தது. மூதாதை என்ற மரியாதை அதற்கு உண்டு. ஆனால் அதன் லென்ஸ்கள் வானவில் விளிம்பு காட்டியவை. அந்த விளிம்பு காட்டாத லென்ஸ்களைத் தெளிவு கெடாமல் அடுக்க லிஸ்டர் 1830-ல் வழி காணும்வரை பித்தளை வேலைப்பாடு ஒளியியலைவிட முன்னே ஓடிக்கொண்டிருந்தது.

விக்டோரியா கால லண்டன் கருவிகளில் பவல் அண்ட் லீலண்டின் பெரிய முக்காலியை மிஞ்ச ஒன்றில்லை. குழலை முழுக்கச் சாய்த்தாலும் அசையாது. நகரும் மேடையும், ஒளிகுவிப்பானை மையத்துக்குக் கொண்டுவரும் திருகுகளும் அபாரமானவை. ஜெர்மானியக் குதிரைலாட அடித்தளமோ சாய்த்தால் பின்பாரம் கொள்ளும் என்று ஆங்கிலேயர் குறை சொன்னார்கள். குறை உண்மை. ஆனால் எண்ணெய் இட்ட ஸ்லைடு சமமாகக் கிடப்பதே வசதி. நிமிர்ந்து நிற்கும் கருவிக்கு அந்தக் குறை பெரிதாகக் கணக்கில் வராது. நகரும் மேடையை ஜெர்மானியத் தயாரிப்பாளர்கள் நெடுநாள் தனி இணைப்பாகவே விற்றதைத்தான் நான் பெரிய குறையாக எண்ணுவேன்.

நம் வெயிலும் ஒரு நடுவர். ரொனால்டு ராஸ் 1897 ஆகஸ்ட் 20-ல் செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டபோது, வியர்வை பட்டுத் திருகுகள் துருவேறியிருந்தன, மிஞ்சிய ஒரே கண்ணருகு லென்ஸும் கீறல் விட்டிருந்தது என்று எழுதியிருக்கிறார். பித்தளை துருப்பிடிக்காது, எஃகுத் திருகுதான் பிடிக்கும். ஆகவே வாங்குகிறவர் முதலில் திருகுகளைச் சுழற்றிப் பார்க்கட்டும்.

புளி போட்டுத் தேய்த்தது போல் மின்னும் கருவியை நான் வரிசையில் கீழே இறக்குவேன். பழைய பித்தளைக் கருவியின் பொன்னிறம் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குப் பூச்சு. தேய்த்தால் பூச்சு போகும், செதுக்கிய பெயர் மழுங்கும், பொடி பல்சக்கரத்தில் இறங்கும்.

துணைக்கருவிகளில் பாறைச் சீவலை ஆராய உதவும் ஒளிமுனைவாக்கிக்கு விலக்கு அளிப்பேன். மற்றவற்றில் பல, வரவேற்பறையில் விருந்தினருக்கு வியப்புக் காட்டப் போதுமானவை. என் வரிசையில் முதலிடம், 1880-களுக்குப் பிறகு வந்த குதிரைலாட அடித்தளக் கருவிக்கு: அபே ஒளிகுவிப்பானும் எண்ணெய் லென்ஸும் சேதமின்றி, நகரும் மேடை பொருத்தப்பட்டிருந்தால். பவல் அண்ட் லீலண்டுக்கு இரண்டாமிடம். முப்பது துணைக்கருவிகளோடு, ஒளிகுவிப்பான் இல்லாமல் வரும் மகாகனிப் பெட்டிக்குக் கடைசி இடம்.