சிரிப்பொலிக்கு அப்பால்

'கீக்குகள் வென்றுவிட்டார்கள்' என்றொரு வாக்கியம் சில ஆண்டுகளாகத் தொலைக்காட்சி விமரிசகர்களிடையே வேதவாக்கு போல உலவி வருகிறது. பள்ளித் தாழ்வாரங்களில் இடிபட்டும் அவமதிப்புற்றும் ஒதுங்கி நின்ற கண்ணாடிக்காரப் பையன், சி.பி.எஸ். நிலையம் 2007 முதல் 2019 வரை 12 பருவங்களாகவும் 279 பகுதிகளாகவும் ஒளிபரப்பிய 'தி பிக் பாங் தியரி'யின் தயவால் உலகத்தாரின் செல்லப்பிள்ளை ஆகிவிட்டான் என்பது அதன் தாத்பரியம். இந்த அபிப்பிராயம் பிழையானது என்பதே என் துணிபு. பிரசித்தி பெறுவது வேறு, புரிந்துகொள்ளப்படுவது வேறு. முன்னது கீக்குக்கு ஏராளமாகக் கிடைத்தது, பின்னது அவனுக்கு எங்கே கிடைத்ததோ அந்தத் தொடர்களை இந்த ஆரவாரத்தில் நாம் மறந்து வருகிறோம்.

'கீக்' என்னும் சொல் ஒரு காலத்தில் அமெரிக்கக் கேளிக்கைக் கொட்டகைகளில் உயிர்க்கோழியின் தலையைக் கடித்துக் காட்டிப் பிழைத்த பரிதாபத்துக்குரிய மனிதனைக் குறித்தது. சொல்லின் பொருள் மாறி, ஏதேனும் ஒரு கலையிலோ கருவியிலோ அளவிறந்த ஈடுபாடு கொண்டவனைக் குறிக்கத் தொடங்கிய பின்னரும், காசு கொடுத்து வேடிக்கை பார்க்க வந்தவனின் பார்வை மட்டும் நெடுங்காலம் மாறவேயில்லை. இறைவனைப் பித்தன் என்று ஏசிய சொல்லையே முதலாகக் கொண்டு பாடத் தொடங்கிய சுந்தரரின் சரித்திரத்தை அறிந்த நமக்கு, வசையும் துதியும் ஒரே சொல்லில் குடியிருக்கக்கூடும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அந்தத் துதிப் பக்கத்தைத்தான் சிட்காம் என்னும் நகைச்சுவைத் தொடர் காணத் தவறியது.

1989-இல் தொடங்கிய 'ஃபேமிலி மேட்டர்ஸ்' தொடரில் ஒரே ஒரு பகுதிக்கென்று அழைத்துவரப்பட்டு, பின்னர் தொடரையே தன்னுடையதாக்கிக்கொண்ட ஸ்டீவ் அர்க்கல் இதற்கு முதற் சான்று. மூக்கால் பேசும் கீச்சுக் குரலும், தோள்வார் தூக்கிப் பிடித்த கால்சராயும், பெரிய கண்ணாடியுமாக ஜலீல் வைட் அற்புதமாக நடித்தார், சந்தேகமில்லை. ஆயினும் அந்தப் பையன் தான் நேசித்த பெண்ணின் நேசத்தைப் பெறுவதற்குத் தானே கண்டுபிடித்த இயந்திரத்துள் புகுந்து, ஸ்டெஃபான் என்னும் வேறொரு நயமான வாலிபனாக வெளிவர வேண்டியிருந்தது என்ற ஒன்றே, எழுதியவர்கள் அவனைப் பற்றி உள்ளூர என்ன எண்ணினார்கள் என்பதைக் காட்டிவிடுகிறது.

'பிக் பாங்' அந்த இயந்திரத்தை நீக்கியது என்பது மெய். அதன் சிறப்புகளை மறைப்பது நேர்மையாகாது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்துப் பௌதிகப் பேராசிரியர் டேவிட் சால்ட்ஸ்பர்க் சரிபார்த்ததனால் பின்னணிப் பலகைகளில் எழுதிய சமன்பாடுகள் மெய்யான பௌதிகமாகவே இருந்தன. ஷெல்டனாக வந்த ஜிம் பார்சன்ஸ் நான்கு எம்மி விருதுகளுக்கும் பாத்திரமானவரே. ஆனால் பார்வையாளர் முன்னிலையில் படமாக்கப்பட்ட அந்தத் தொடரில் சிரிப்பு எந்த இடத்தில் எழுகிறது என்பதைச் சற்றுக் கவனித்தால் போதும். ஒரு சித்திரக்கதை வீரனின் பெயரோ, 'ஸ்டார் ட்ரெக்' கப்பலின் பெயரோ உச்சரிக்கப்பட்ட மாத்திரத்தில், வேறு ஹாஸ்யம் எதுவும் இல்லாமலே, கொட்டகை கொல்லென்று சிரிக்கிறது. அந்தப் பெயர்மீது ஒருவன் கொண்ட அன்பே பரிகாசத்துக்குரியது என்ற உடன்பாடு எழுதியவருக்கும் சிரிப்பவருக்கும் இடையே முன்னமே செய்யப்பட்டிருக்கிறது. இந்த ஈடுபாடுகள் எதுவும் இல்லாத எதிர்வீட்டுப் பெண் பென்னி அந்த உடன்பாட்டின் சாட்சியாக நிற்கிறாள்.

2013 ஜனவரியில் வந்த ஒரு பகுதி இதை நன்கு விளக்கும். தொடரின் நாயகர்களான நண்பர்கள் நால்வரும் 'ஸ்டார் ட்ரெக்' வேஷம் பூண்டு பேக்கர்ஸ்ஃபீல்டில் நடக்கும் ரசிகர் கூட்டத்துக்குப் புறப்படுகிறார்கள்; வழியில் படம் எடுத்துக்கொள்ள இறங்கியபோது கார் களவு போக, வேஷத்தோடு நடந்து கண்டோர் நகைப்புக்கு ஆளாகிறார்கள். அதே பகுதியில், சித்திரக்கதைகளை அதுவரை ஏளனம் செய்திருந்த பென்னி உள்ளிட்ட பெண்கள் மூவரும் தோர் கதையைப் படித்துவிட்டு, அவன் சுத்தியல் கனமானதால் பிறரால் தூக்க முடியவில்லையா, அவன் ஒருவனுக்கே கட்டுப்பட்டது என்பதாலா என்று தர்க்க சாஸ்திரிகளைப் போல வாதிடுகிறார்கள். இந்த இரண்டாவது காட்சியில் ஒரு கதைக்குள் முழுமனத்தோடு நுழைந்தவர்களின் ஆனந்தம் இருக்கிறது. அந்த வழியே நடந்திருந்தால் இது மகத்தான தொடராகியிருக்கும். வேஷம் பூண்டவர்களைச் சாலையில் நடக்கவிடும் வழியே அதற்கு எளிதாகப் பட்டது.

இங்கிலாந்தில் இதற்கு முன்னமே வேறு பாதை தெரிந்தது. 1999-இல் சானல் ஃபோரில் தொடங்கி, 14 பகுதிகளோடு முடிந்த 'ஸ்பேஸ்ட்' தொடரில் பின்னணிச் சிரிப்பு கிடையாது. சித்திரக்கதை வரைபவனான டிம் 'ஸ்டார் வார்ஸ்' புதுப் படத்தால் அடைந்த துக்கம் ஒரு காதலனின் துக்கமாகவே காட்டப்படுகிறது. நிலவறைக் கணினிக்காரர்களைப் பற்றிய 'தி ஐ.டி. கிரௌட்' சிரிப்பொலி உடையதேயாயினும், மாஸ் என்னும் பாத்திரத்தின் களங்கமற்ற தன்மையால் பிழைத்துக்கொண்டது.

என் நெஞ்சுக்கு உகந்தது, 1999-இல் என்.பி.சி. தொடங்கி, ஒரே பருவத்தில், 18 பகுதிகளோடு நின்றுபோன 'ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்'. ஒரு மணி நேரத் தொடரை இந்த வகுப்பில் சேர்க்கலாகாது என்று ஆட்சேபிப்பவர் ஆட்சேபிக்கட்டும். வகுப்பு பெரிதன்று, அது கண்ட மனிதன் பெரியவன். பால் ஃபீக் படைத்த அந்த மிச்சிகன் பள்ளியில் பில் ஹேவர்சக் என்னும் ஒல்லிப் பையன் ஒருவன் உண்டு. தாய் வேலைக்குப் போயிருக்க, ஆளற்ற வீட்டுக்குத் திரும்பி, ரொட்டிக்கிடையே பாலாடைக்கட்டி வைத்துச் சுட்டெடுத்துக்கொண்டு, தொலைக்காட்சியில் கேரி ஷாண்ட்லிங்கின் ஹாஸ்யத்தைக் கேட்டு வாய் நிறைய உணவோடு அவன் தனியே சிரிக்கும் காட்சியில் ஒரு வசனமும் இல்லை. சிரிக்கப்படுபவனாகவே நூறு தொடர்களில் வந்தவன் இங்கே சிரிப்பவனாக வருகிறான். அன்று பகலில் பட்ட துன்பமெல்லாம் அந்தச் சிரிப்பில் கரைவதை நாம் அவனருகே அமர்ந்து காண்கிறோம். பில்லாக நடித்த அதே மார்ட்டின் ஸ்டார், பின்னாளில் 'சிலிக்கான் வேலி' தொடரில் கில்ஃபாயில் என்னும் பாத்திரமாகத் திரும்பி வந்தபோது, கீக்கின் கதை மூலதனத்தின் கதையாகிவிட்டிருந்தது. வெற்றி என்பது அதுதானென்றால், எனக்கு அந்த ஆளற்ற வீட்டுப் பையனே போதும்.

'ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்' தொடரின் வாரிசாக, 'கம்யூனிட்டி' என்னும் தொடரில் 2011-இல் வந்த ஒரு பகுதியைச் சொல்ல வேண்டும். நம்பிக்கை இழந்த நீல் என்னும் மாணவனை மீட்பதற்காக நண்பர்கள் கூடி, ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தை ஆடுகிறார்கள், பேச்சும் ஓசையும் கொண்டே ஓர் உலகம் எழும்புகிறது.

அதே ஆட்டம் 'ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்' தொடரின் கடைசிப் பகுதியிலும் வருகிறது. பள்ளியின் முரட்டு நாயகனான டேனியல், தண்டனையாக நேர்ந்த சகவாசத்தால் கீக்குகளின் மேசையில் வந்தமர்ந்து, கார்லோஸ் என்னும் குள்ளனாக விளையாடி, மறுநாள் இரவும் ஆட வேண்டுமென்று ஆசைப்படுகிறான். அவன் கீக்காக மாறுகிறானா, நாம்தான் அவனைப் போன்ற பெரிய ஆட்களாக மாறுகிறோமா என்ற கேள்வி பையன்களிடையே எழுகிறது. அவர்கள் இரண்டாவதையே விரும்பித் தேர்கிறார்கள். பிள்ளைகள் ஆதலால் அப்படித் தேர்ந்தார்கள். ஆனால் காமிராவோ, மேசையின்மீது குனிந்து பகடையை உருட்டும் டேனியலின் முகத்தில் நாம் அதுவரை காணாத சந்தோஷத்தையே காட்டிற்று.