எகிப்திய நீலம்: விட்ருவியஸின் செய்முறையும் உலைக்களச் சான்றுகளும்

மனிதர் செயற்கையாக ஆக்கிய நிறமிகளுள் மிகத் தொன்மையானவற்றில் ஒன்று எகிப்திய நீலம். கி.மு. மூன்றாம் ஆயிரமாண்டிலேயே புழங்கிய இதன் ஆக்கமுறையை விளக்குவோர் பலரும் உரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸின் ஏழாம் நூலிலிருந்தே தொடங்குகின்றனர். மணலையும் நேட்ரான் காரத்தையும் மாவாக அரைத்து, அராவிய செம்புத்தூள் கலந்து நனைத்து, உருண்டைகளாக உருட்டி உலர்த்திக் கலத்திலிட்டு உலையில் வைக்க வேண்டும் என்கிறார் அவர். இதனை முழுமையான செய்முறையாகக் கொள்வதற்கு ஒரு தடை உண்டு. நீலத்துக்குக் காரணமான படிகம் கால்சியம் செம்புச் சிலிக்கேட்டு ஆகும். விட்ருவியஸோ சுண்ணாம்பைக் குறிப்பிடவே இல்லை.

கிளிஞ்சல் கலந்த கடற்கரை மணலே சுண்ணாம்பையும் தந்திருக்கும் என்னும் விளக்கம் ஏற்கத்தக்கதே. விட்ருவியஸ் குறிப்பிடும் புத்தியோலி கடற்கரை நகரம். ஆனால் அவ்விளக்கத்தை அப்படியே நைல் கரைக்கு எடுத்துச் செல்வதுதான் பிழை. 1891–92 இல் அமர்னாவை அகழ்ந்த பெட்ரி வெண்ணிறக் குவார்ட்ஸ் கூழாங்கற்களைக் கண்டெடுத்தார். அவை உலையின் தளமாகப் பரப்பப்பட்டு, சூடேறி நொறுங்கும் பதம் பெற்றபின் இடித்துப் பொடியாக்கப்பட்டன என்பது அவர் கருத்து. அது சரியெனில், சுண்ணாம்பு தனியே சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். குவார்ட்ஸில் அது இல்லை. செம்பின் மூலமும் வேறு. மூன்றாம் துத்மோசிஸ் காலம் முதலான எகிப்திய நீலத்தில் வெள்ளீயம் காணப்படுவது, தாதுவன்றி வெண்கலக் கழிவே பயன்பட்டதைச் சுட்டுகிறது. வடிவமும் ஒத்துவரவில்லை: அமர்னாவில் கிடைத்தவை தட்டையான கலங்களும் அவற்றில் வெந்த வில்லைகளும், உருண்டைகள் உரோமானியத் தளங்களுக்கே உரியவை. கியூமேயில் உட்புறம் நீலம் ஒட்டிய கலத்துண்டுகள் கிடைத்தமை விட்ருவியஸின் கூற்றுக்குச் சான்றாகிறது. ஆனால் அது இத்தாலியக் கரைக்கு மட்டுமே.

வெப்பநிலை பற்றிய கணிப்பு வேறு வகையது. ஏறத்தாழ 850 முதல் 1000 பாகை செல்சியசு வரை என்னும் அளவு ஆய்வகச் சோதனைகளால் பெறப்பட்டதேயன்றி, எந்தத் தொல் உலையிலும் நேராக அளக்கப்பட்டதன்று. அச்சோதனைகள் வேறொன்றையும் காட்டின: நுண்மணிகள் கொண்ட, சீரான நீலத்தைப் பெற ஒருமுறை சுட்டதை அரைத்து வடிவமைத்து மீண்டும் சுட வேண்டும். விட்ருவியஸ் கூறுவது ஒரே சூளையேற்றம். எகிப்தியச் சிறு சிற்பங்கள் சிலவற்றின் நுண்ணிய இழையமைப்பு அந்த இரண்டாம் சூட்டை வேண்டி நிற்கிறது.