எழுத்துக்கு ஒரு பட்டம்

மும்பையின் செம்பூரிலோ மாட்டுங்காவிலோ ஒரு தமிழ்வீட்டுப் பெண், எழுத்தையே முதன்மைப் பாடமாகப் படிக்கப்போவதாகச் சொன்னால், "அதுல என்ன வேலை கிடைக்கும்?" என்றுதான் அப்பா கேட்பார். கட்டணம் கட்டுபவர் கேட்கத்தான் செய்வார். எனக்கு அதைவிட முக்கியமான கேள்வி, அங்கே எதைச் சொல்லித்தருவார்கள் என்பது.

இதே மும்பையில் ஓவியம் கற்பிக்க 1857இலேயே ஜே. ஜே. கலைப்பள்ளி வந்துவிட்டது. கோடுகளையும் வண்ணத்தையும் பயிற்றுவிக்கலாமென்றால் உரையாடலையும் வருணனையையும் ஏன் கூடாது? எழுத்து தானாக வரவேண்டும் என்ற நம் நம்பிக்கையில் பாதி சோம்பல்தான். அயோவா பல்கலைக்கழகத்தின் எழுத்துப்பட்டறை 1936இல் தொடங்கியது. அந்த வகைப் பட்டறையில் ஒருவர் கதையைச் சக மாணவர்கள் முன்பே படித்துவந்து, மேசையைச் சுற்றி உட்கார்ந்து அக்கக்காகப் பிரிப்பார்கள். எழுதியவர் பெரும்பாலும் வாய் திறக்கக் கூடாது. வெளியீட்டு விழாவில் பொன்னாடை மட்டுமே வாங்கிப் பழகிய நமக்கு இது பெரிய கொடை.

குறையும் அதே மேசையில்தான் இருக்கிறது. பத்துப் பேரின் ஆட்சேபத்துக்கும் தப்பும் கதை, பெரும்பாலும் யாரையும் உறுத்தாத கதை. நெல்லைத் தமிழில் இந்தியும் மராத்தியும் கலந்த தாராவிப் பேச்சை ஒருத்தி எழுதினால், முதலில் திருத்தப்படுவது அதுதான். மும்பையில் இப்படிப்பு வந்தாலும் ஆங்கிலத்தில்தான் வரும். அத்தையின் தெருச்சண்டையை அவள் ஆங்கிலத்தில் எழுதவேண்டியிருக்கும்.

பட்டமில்லாமலும் எழுதலாமே என்பார்கள். எழுத்தாளர் நாஞ்சில் நாடன் படித்தது கணிதம். மும்பையில் பிழைப்பு பார்த்துக்கொண்டே 1977இல் 'தலைகீழ் விகிதங்கள்' நாவலைக் கொண்டுவந்தார். 1988இல் இங்கே ஸ்பாரோ ஆவணக் காப்பகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான எழுத்தாளர் அம்பையும் எழுத்தில் பட்டம் வாங்கியவரல்ல. ஆனால் இந்த வாதம் பாதிதான் செல்லும். திருத்திச் சொல்ல ஆளில்லாமல் எழுத்தையே விட்டவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாதே!

அசோகமித்திரன் 1973இல் அயோவா போனார். பட்டத்துக்கல்ல, பல நாட்டு எழுத்தாளர்கள் கூடும் திட்டத்துக்கு. அப்போதே அவர் தேர்ந்த எழுத்தாளர். அங்கிருந்து அவருக்குக் கிடைத்த 'ஒற்றன்' நாவலில் நிறைந்திருப்பவர்கள் உடன் தங்கிய மனிதர்கள்.

பதினெட்டு வயதில் எழுத்தையே முழுப்படிப்பாக எடுப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். வரலாறோ பொருளியலோ படிக்கட்டும். மூன்று ஆண்டும் கூடவே ஒரு எழுத்துத் தாள் இருக்கட்டும், தமிழிலும் எழுத அனுமதியோடு. மதிப்பெண் எப்படிப் போடுவது என்பார்கள். முதல் வரைவையும் மூன்றாம் வரைவையும் சேர்த்து வாங்கி, இடையில் மாணவி எதை வெட்டினாள், ஏன் வெட்டினாள் என்று கேட்டுப் போடலாம்.