முதுமை இல்லறமும் நினைவும்

அகத்திணை ஆய்வு களவிலும் உடன்போக்கிலும் பெரிதும் தங்கிவிட்டது. நெடுங்காலம் உடன்வாழ்ந்தார் இருவரின் முதுமை அவ்வளவாக ஆராயப்பட்டிலது. தொல்காப்பியரோ அதனை மறந்திலர். தலைவனும் தலைவியும் காமம் நிறைவுற்ற பிற்காலத்தில் மக்களோடும் அறம் விரும்பும் சுற்றத்தோடும் கூடிச் சிறந்ததனைப் பயிலுதலே கடந்த வாழ்வின் பயன் எனக் கற்பியலின் இறுதியை ஒட்டிய நூற்பா ஒன்று கூறுகின்றது.

இதனைத் துறவறத்திற்கு உரியதாகக் கொள்ளும் உரைமரபு உண்டு. மக்களையும் சுற்றத்தையும் உடன்கூட்டி உரைத்த நூற்பாவை மனை நீங்குவார்மேல் ஏற்றுதல் பொருந்துமா என்பது எம் ஐயம். இருவரும் எண்ணும்மையால் இணைக்கப்பட்டமையும் நோக்கத்தக்கது. பயிலும் வினைக்கு இருவரும் ஒப்ப உரியர். ஆகவே உடன்வாழ்வை நினைதலாவது பழைய இன்பத்தை எண்ணி ஏங்குதல் அன்று. இருவரும் கூடிப் பழகிய அறத்தைத் தொடர்ந்து செய்தல் என்க.

புறநானூற்று 163ஆம் பாட்டு இதற்கு அரண் செய்யும். குமணன்பால் பெற்ற வளத்தைப் பெருஞ்சித்திரனார் மனைவியிடம் தந்து, தம்மைக் கலந்து கேளாமலே யாவர்க்கும் கொடுக்கச் சொல்கின்றார். பெறுவோருள் சுற்றத்தின் பசி தீரக் கடன் உதவியோரும் அடங்குவர். இப்பட்டியல் வெறும் கொடைப் பட்டியல் அன்று. அவ்விருவரும் கடந்துவந்த வறுமையின் வரலாறு. கடன் பெற்று மனை காத்தவள் அம்மனைவியே எனக் கொள்ள இடமுண்டு. ஆயினும் அவள் பெயரைப் பாட்டும் கூறவில்லை. பாட்டின் அடிக்குறிப்பும் கூறவில்லை.

மனைவியின் பெயர் மறையாத இணைவாழ்வுக்குத் திண்டுக்கல் வட்டாரத்திலேயே அண்மைச் சான்று உண்டு. இளமையிற் கைம்மையுற்றுப் பின் மருத்துவம் பயின்ற டாக்டர் சௌந்தரம், 1940இல் ஜி. இராமச்சந்திரனை மணந்தார். இருவரும் 1947இல் சின்னாளபட்டியை அடுத்துக் காந்திகிராமத்தை நிறுவினர். அங்கு 1956இல் தோன்றிய கிராமியக் கல்வி நிலையம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. சௌந்தரம் 1984இலும் இராமச்சந்திரன் 1995இலும் மறைந்தனர். இன்றும் அவர்களை ஒருங்கே நினைப்பிப்பது இருவர் கையும் பட்ட அப்பணியே.

நிறுவனம் விட்டுச் செல்லாதார் நிலை யாது? அதே வட்டாரத்தில், நத்தம் சாலையிலுள்ள சாணார்பட்டி போன்ற ஊர்களில், மானாவாரி நிலத்தை நம்பி முதுமை எய்திய இணையர்க்குக் கல்வெட்டும் இல்லை, பாட்டும் இல்லை. அவர்தம் வாழ்வை எழுதப் புகும் மாணவர், அன்பின் ஆழத்தை வினவுவதனினும், மழை பொய்த்த ஆண்டில் கடன் கேட்டுப் படியேறியவர் யார், விதையைக் காத்தவர் யார், கடனை அடைத்தது எவர் கூலி என வினவுதல் தகும். விடைகளில் மனைவியின் பங்கும் பெயரும் வெளிப்படும். தலைவிக்குத் தொல்காப்பியர் தந்த உம்மையை நம் ஆய்வு கைவிடலாகாது.